பழங்குடி அறிவிலிருந்து கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள மக்கள் அதைச் சமைத்த முறையைக் கொண்டுவரவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளின் தொல்குடிப் பெண்கள் காய்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டு, காலையில் தோல் வழுகிக் கழலும்வரை கையால் தேய்த்துக் கழுவி, ஈரமாகவே கல்லில் அரைத்து, அந்த மாவைத் தட்டி ரொட்டி சுடுவார்கள். மக்காச்சோளத்தில் உடல் ஏற்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமினை அந்தச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. இந்தப் படி விடுபட்ட இடங்களில், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் பிடித்தது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்து மக்கள் இறந்தார்கள். ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் இந்த நோயை விவரித்தார். பிறகு வட இத்தாலியில் பரவிய அது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 1 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. இது கிருமியால் வருவதன்று, உணவுக் குறையால் வருவது என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் பல ஆண்டுகள் போராடி நிறுவினார். குறைவது நியாசின்தான் என்பது 1937-இல்தான் தெளிவானது.

பழங்குடி அறிவிலிருந்து கற்க விரும்புவோர் செய்யும் முதல் தவறு இதுதான்: பொருளை எடுத்துக்கொண்டு வழக்கத்தை விட்டுவிடுவது. மக்காச்சோளத்தோடு சுண்ணாம்பை மட்டும் சேர்த்துச் சொன்னாலும் கணக்கு முழுமையாகாது. மெக்சிகோவின் வயல்களில் அதனோடு பயறும் பூசணியும் சேர்ந்து வளர்ந்தன, சேர்ந்தே உண்ணப்பட்டன. ஒரு மூலிகையின் பெயரையோ ஒரு தானியத்தின் பெயரையோ பட்டியலில் குறித்துக்கொண்டவுடன் அந்த மக்களின் அறிவு நம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணுவது ஆபத்தானது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

சுண்ணாம்பு ஏன் என்று அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் நியாசினைப் பற்றி அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். தோல் எளிதாகக் கழலும், மாவு நன்றாகத் திரளும், தாய் இப்படித்தான் செய்தாள் என்றே சொல்லியிருக்கக்கூடும். மனிதப் பண்பாடு வளரும் விதமே அப்படிப்பட்டது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாக இல்லாமல், பல தலைமுறைகளில் பலர் செய்த சிறுசிறு மாற்றங்களில் பயன் தந்தவை பார்த்துக் கற்கப்பட்டுத் தங்கி, முழு முறையாகத் திரள்கின்றன. ஆகவே காரணம் சொல்லத் தெரியாததால் அந்த வழக்கம் பொருளற்றது என்று முடிவுகட்டுவது இரண்டாவது தவறு. 1861-இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக்கரையில் சிக்கிக்கொண்ட பர்க், வில்ஸ் என்ற பயணிகள், அங்கு வாழும் யாண்ட்ருவாண்டா மக்களிடமிருந்து நார்டூ என்னும் செடியின் வித்துறைகளை அரைத்து உண்ணப் பழகினார்கள். இது நம் ஊர்க் குளக்கரையில் கிடைக்கும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. வயிறு நிரம்பியும் இருவரும் நாளுக்கு நாள் மெலிந்து இறந்துபோனார்கள். அதில் உள்ள ஒரு நொதி தயாமின் என்னும் வைட்டமினைச் சிதைக்கிறது. அந்த மக்கள் கையாண்ட வறுக்கும், நீர்விட்டு அரைக்கும் படிகளைப் பயணிகள் முழுமையாகப் பின்பற்றாததும் சாவுக்கு ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்த சக பயணி ஜான் கிங் மட்டும் உயிர் பிழைத்தார்.

பழங்குடியினரை நம்முடைய கடந்த காலத்தின் எச்சமாகப் பார்ப்பதும் தவறு. அவர்களுடைய பண்பாடும் நம்முடையதைப் போலவே இன்றுவரை மாறிக்கொண்டேதான் வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் தொழிலை இழந்த செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தடம் பார்த்துப் பாம்பு பிடிக்கும் அதே திறனை நஞ்செடுப்பதற்குத் திருப்பினார்கள். நஞ்செடுத்த பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தொல்குடிகள் பிறவியிலேயே இயற்கையோடு இசைந்து வாழ்பவர்கள் என்று புகழ்வது அவர்கள் பட்டுக் கற்றதை மறைத்துவிடுகிறது. மாவோரிகளின் மூதாதையர் நியூசிலாந்தில் குடியேறிச் சுமார் 200 ஆண்டுகளுக்குள் மோவா என்னும் பெரும் பறவையினம் முழுவதும் வேட்டையில் அழிந்தது. ஒரு நீர்நிலையையோ காட்டுப்பகுதியையோ குறிப்பிட்ட காலம் யாரும் தொடாமல் விலக்கிவைக்கும் ராஹுயி என்ற கட்டுப்பாடும் அதே மாவோரிகளிடம்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

என்னை மிகவும் வருத்துவது, அறிவைப் போற்றிக்கொண்டே அந்த அறிவுக்கு உரியவர்களை நிலத்திலிருந்து பிரிக்கும் தவறுதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். தாழ்வாக எரியும் அந்தத் தீ உன்னிச்செடியின் கன்றுகளைப் பொசுக்கும், நெல்லிமரத்தைப் பற்றும் புல்லுருவியை அடக்கும், ஆனால் பெரிய மரத்தைத் தொடாது என்பது அவர்கள் சொல்வது. 1974-இல் அந்த மலை சரணாலயமான பிறகு தீ வைப்பது தடுக்கப்பட்டது. உன்னிச்செடி காட்டை மூடியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2011-இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தீயைப் பற்றிய அறிவு தீ வைக்கும் கைகளில்தான் இருக்கிறது; தீ வைக்க விடாமல் அதை நூலில் மட்டும் பதிவு செய்துவைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச்சேராது.

கடைசியாக, யாரைக் கேட்டோம், யாருக்குக் கொடுத்தோம் என்பது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர் என்னும் பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் நடப்பதற்காக ஒரு சிறு செடியின் காயை மென்றுகொண்டு போனார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, அந்தத் தொகையிலும் விற்பனை மீதான 2 சதவீத உரிமத்தொகையிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கென ஓர் அறக்கட்டளையும் 1997-இல் பதிவானது. உலகம் பாராட்டிய இந்த ஏற்பாட்டிலும் இரண்டு விரிசல்கள் இருந்தன. மரபு மருத்துவர்களான பிலாத்திகளில் சிலர், வெளியாருக்குச் சொல்லக்கூடாததைத் தங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டதாக எதிர்த்தார்கள். காட்டில் இலை பறித்து விற்பதற்கு வனத்துறை இடம் கொடுக்காததால் காணிக்காரர்களின் வருமானமும் முடங்கியது. ஆகவே அடுத்து ஒரு செடியைத் தேடி ஒரு குடியிருப்புக்குப் போகிறவர்கள், வழிகாட்டிகளின் இசைவோடு நின்றுவிடாமல், பிலாத்திகளும் பிற ஊர்களும் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். பங்கைப் பேசும்போதே, பறிக்கும் உரிமையையும் எழுத்தில் பெற்றுத்தர வேண்டும்.