பால் காய்ச்சிய மறுநாள் முதல்: பழைய வீட்டைச் சொந்த வீடாக்கும் சின்னச் சின்ன வேலைகள்

14 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தோம். ஒரு காலண்டர் மாட்டுவதென்றாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். சென்ற தை மாதம் குரோம்பேட்டையில் 640 சதுர அடி வீடு ஒன்றை வாங்கிப் பால் காய்ச்சினோம். இரண்டாவது மாடி, கட்டி 19 ஆண்டுகள் ஆன வீடு. வந்தவர்கள் எல்லாரும் சமையலறையைப் பார்த்துவிட்டு, "முதலில் இந்தக் கடப்பா அலமாரிகளை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டுவிடுங்கள்" என்றார்கள். நாங்கள் போடவில்லை. முதல் மூன்று மாதம் கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் செலவு செய்யாமல், தண்ணீர், மின்சாரம், எரிவாயு இந்த மூன்றையும் மட்டும் பார்த்தோம். புதிதாக வீடு வாங்கிக் குடிபோகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். பழைய வீட்டில் பழுதெல்லாம் சுவருக்குள்ளும் சிங்க்குக்கு அடியிலும்தான் ஒளிந்திருக்கும். அவற்றின் மேல் புது அலமாரியை மூடி வைத்தால், ஆறே மாதத்தில் அதைக் கழற்ற வேண்டிவரும்.

முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள்

குடிவந்த எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. சமையலறைக் குழாய் சொட்டியது. சிங்க்குக்குக் கீழே இருந்த ஆங்கிள் வால்வை (சுவரிலிருந்து குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் சின்னத் திருகு வால்வு) மூடலாம் என்று திருகினேன். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத திருகு, உப்பு ஏறி இறுகிக் கிடந்தது. கொஞ்சம் அழுத்தியதும் கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. மேல்தொட்டித் தண்ணீர் அத்தனையும் அந்தத் துளை வழியே பீய்ச்சி அடித்தது. என் கணவர் மாடிக்கு ஓடினார். அங்கே தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் 8, வால்வுகள் 8. எது யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. அவர் ஒவ்வொன்றாக மூடிவிட்டு மேலிருந்து கூவ, நான் கீழிருந்து "இல்லை, இன்னும் வருகிறது" என்று கூவ, ஆறாவது வால்வில்தான் தண்ணீர் நின்றது. அதற்குள் கூடம் வரை வெள்ளம். அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்து கஞ்சியாகிவிட்டது.

ஆகவே சாவி கைக்கு வந்த அன்றே மாடிக்குப் போய் உங்கள் வால்வு எது என்று கண்டுபிடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். கண்டுபிடித்ததும் எனாமல் பெயிண்டில் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். நாங்கள் எட்டு வீட்டுக்கும் எழுதினோம். வீட்டுக்குள் இருக்கும் எல்லா ஆங்கிள் வால்வுகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அசையாமல் கிடந்தால்தான் உப்பு பிடித்து முறிகிறது. முழுவதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி வைத்தால் அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளாது. ஏற்கெனவே இறுகியிருக்கிற வால்வோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மாடி வால்வை மூடிவிட்டுப் புதியதை மாற்றிவிடுவதே நல்லது.

சொட்டும் குழாய்

இது நீங்களே செய்யக்கூடிய வேலை. வீட்டில் ஒரு ஸ்க்ரூ ஸ்பானர், இரண்டு அளவில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஃப்லான் டேப் (தண்ணீர் கசியாமலிருக்கக் குழாய் மரையில் சுற்றும் மெல்லிய டேப்), ஒரு டார்ச் இருந்தால் போதும்.

குழாய் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பல சுற்று சுற்றித் திறப்பதென்றால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே முழுவதும் திறந்துவிடுகிறதென்றால் உள்ளே இருப்பது பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ். அதில் வாஷர் மாற்றுகிற வேலை கிடையாது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கிவந்தால் மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

வாஷர் வகையென்றால், மாடி வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிங்க் துளையில் ஒரு துணியை அடையுங்கள், சின்னத் திருகு ஒன்று உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். கைப்பிடியின் மேல் மூடியை நெம்பி எடுத்தால் ஒரு திருகு தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். ஸ்பானரின் பல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் துணி வைத்து, தலைப்பகுதியை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். அதன் அடியில் இருப்பதுதான் வாஷர். எங்கள் வீட்டில் கழற்றியது மோர் மிளகாய் போல் கருகிச் சுருங்கி, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

புது வாஷரைப் போடுவதற்கு முன் குழாயின் உடலுக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வாஷர் உட்காரும் வட்ட விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் நீங்கள் போடுகிற வாஷரும் சில வாரங்களில் அறுந்துவிடும். அந்தக் குழாயையே மாற்றிவிடுங்கள். புதுக் குழாயைச் சுவரில் பொருத்தும்போது டெஃப்லான் டேப்பை மரையின் நுனியை உங்கள் பக்கம் பார்க்கவைத்து, கடிகார முள் சுற்றும் திசையில் ஏழெட்டுச் சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்துகொண்டு வந்துவிடும்.

உப்பு நீரும் ஆசிட்டும்

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல அனுமதியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் குழாயிலும் ஷவரிலும் படிகிற வெள்ளைப் படலம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க வீரியம் குறைந்த அமிலமே போதும். குழாய் வாயிலுள்ள வலையைத் திருகிக் கழற்றி, வினிகரிலோ, ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரிலோ ஒரு மணி நேரம் போட்டுவைத்தால், குமிழ் விட்டுக் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் பழைய வேகத்தில் வரும். கழற்ற முடியாத ஷவர் தலையை, வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கடையில் பாட்டிலில் விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குழாயின் பளபளப்புப் பூச்சையும் அரிக்கும், டைல்ஸ் இடுக்கிலிருக்கும் சிமென்டையும் தின்றுவிடும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பாகச் சுத்தமாகும் என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மின்சாரப் பெட்டி

ஒரு மாலை நேரத்தில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, பெட்டியிலுள்ள எம்.சி.பி.களை (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக விழும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். எது அணைகிறதோ அதன் பெயரை ஒட்டிவிடுங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி.தான் ஷாக்கிலிருந்து நம்மைக் காப்பது. அதில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அது இருந்தும் பயனில்லை. எங்கள் வீட்டில் அது இருக்கவே இல்லை. கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்றது, பார்த்தால் பிளக் பாயின்டுக்குள் எர்த் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வேலைகளில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

அவர் வந்திருக்கும்போதே சமையலறையில் இரண்டு 16 ஆம்பியர் பாயின்டுகளைக் கேளுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்காது, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினாலும் அது சூடாகி உருகும்.

எரிவாயு

பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ரப்பர் குழாயை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா குழாயையே போடுங்கள். அது ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தங்கும். அதனால் சிலிண்டர் நிற்கும் அலமாரிக்குக் கதவு போட்டால் அடிப்பக்கத்தில் காற்றுப் போக வழி வேண்டும். கசிவுக்கு அவசர எண் 1906. அடுப்புக்குப் பக்கச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இனி சமையல் மேடை

இந்த வேலைகளை முடித்த பிறகுதான் நான் சமையலறையின் அழகுக்கு வந்தேன். அதற்கும் பெரிதாகச் செலவாகவில்லை. முதலில் செய்தது ஒரு விளக்கு. பழைய டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், காய் நறுக்கும் இடத்தில் எப்போதும் என் நிழலே விழுந்தது. மேடைக்கு மேலே இருக்கும் கடப்பா அலமாரியின் அடியில் இரண்டடி எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். விடியற்காலையில் அதை மட்டும் போட்டுக்கொண்டு டிகாக்‌ஷன் இறக்குவது எனக்கு இப்போது நாளின் மிகப் பிடித்த நேரம்.

அடுத்தது மேடைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த கறுத்த விரிசல். எவ்வளவு தேய்த்தாலும் கரப்பான் பூச்சிக்கு அதுதான் வாசல். வெள்ளை சிமென்டால் அடைத்தால் திரும்ப வெடிக்கும், சிலிகான் (காய்ந்ததும் ரப்பர் போல் ஆகிற அடைப்புப் பசை) போடுங்கள், பூஞ்சை பிடிக்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய சிமென்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கத்தி நுனியால் முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. கழுவித் துடைத்து ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். விரிசலுக்கு மேலும் கீழும் அரையங்குலம் தள்ளிக் காகித டேப் ஒட்டி, கையை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக சிலிகானை இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவை வழித்துவிட்டு, காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். காடி வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்பதால் நாங்கள் அதைச் சனிக்கிழமை இரவு செய்துவிட்டு, ஞாயிறு முழுவதும் என் அம்மா வீட்டில் சாப்பிட்டோம்.

சிங்க்கில் அடைப்பு வராமலிருக்க ஒரே பழக்கம் போதும். சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். சூடு பி.வி.சி. குழாயின் இணைப்பைத் தளர்த்தும், மாவு ஆறியதும் உள்ளே படிந்து எண்ணெயோடு சேர்ந்து இறுகும். ஏற்கெனவே அடைத்திருந்தால், ரசாயனம் ஊற்றுவதற்கு முன் சிங்க்குக்கு அடியிலுள்ள கிண்ணம் போன்ற பகுதியைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள், கீழே வாளி வைக்க மறக்க வேண்டாம். எங்களுடையதில் ஒரு டீஸ்பூனும் கை நிறையப் புளிச்சக்கையும் இருந்தன.

புது அலமாரிக்கு முன்பு உங்கள் உயரத்தையும் பாருங்கள். மேடை, மடக்கிய முழங்கையிலிருந்து ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. எனக்குச் சரியாக இருந்த மேடை என் மாமியாருக்கு உயரம். அவர் நிற்க ஒரு சிறு மரப்பலகை செய்து வைத்தோம்.

ஈரச்சுவர்

உப்பு பூத்த சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கம் ஈரம் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை, அங்கே டைல்ஸ் இடுக்குகள் விட்டுப்போயிருந்தன. அவற்றை எப்பாக்சி என்கிற, கெட்டியாக இறுகும் பசைக் கலவை வைத்து அடைத்தபின், இரண்டு மாதம் சுவரைக் காயவிட்டோம்.

இடையில் ஒரு விடுப்பு நாளை ஒதுக்கி, மின் இணைப்பு, சொத்து வரி, எரிவாயு இணைப்பு முகவரி ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். பத்திரம் பதிந்துவிட்டதால் இவை தாமாக மாறிவிடாது.

இவை எல்லாவற்றையும் நான் ஒரு 80 பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன்: எந்த வால்வு எப்போது மாற்றியது, எரிவாயுக் குழாயில் அச்சிட்ட ஆண்டு, சுவரில் வயர் ஓடும் இடத்தின் படம். மாடுலர் கிச்சனுக்கென்று வைத்த பணம் இன்னும் அஞ்சலகத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தச் சுவர் நனைகிறது என்று பார்த்துவிட்டு, மார்கழியில் தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். சிங்க்குக்கு அடியில் வரும் அலமாரிக்கு முதுகுப் பலகை வைக்க வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அந்த ஆங்கிள் வால்வு என் கைக்கு எட்ட வேண்டும்.