புது லெப்டொப்புக்காகப் பழைய பிரிண்ட் சர்வரைக் கிண்டாதீர்கள்

போன மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஒபிஸ் ஒன்றிலிருந்து போன் வந்தது. "அண்ணே, புது லெப்டொப்பில் பிரிண்டர் ஏறவே மாட்டேங்குது. பழைய மெஷினுக்கு வின்டோஸ் மாத்திரட்டுமா?" வேலைக்கு வந்து நான்கு மாதமான தம்பி. பரவாயில்லை, கேட்டாவது செய்கிறான். நான் கேட்காமலே செய்தவன்.

புது லெப்டொப்பில் பழைய பிரிண்டர் ஏறாதபோது நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை. கேபிள் கழன்றது, பேப்பர் முடிந்தது எல்லாம் இங்கே இல்லை. அவற்றை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

சர்வரில் கை வைப்பது

மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஒரு வின்டோஸ் 7 மெஷின், அதில் செருகிய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். நம் ஒபிஸ்களின் பிரிண்ட் சர்வர் பெரும்பாலும் அவ்வளவுதான். என் காலத்தில் அது வின்டோஸ் எக்ஸ்பி. புதிதாக வந்த வின்டோஸ் 10 லெப்டொப்புக்கு அதனோடு பேசத் தெரியவில்லை. சரி, எக்ஸ்பியைத் தூக்கிவிட்டுப் பத்தையே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று 9ஆம் திகதி. மறுநாள் சம்பளம்.

டிரைவர் ஏறியது, டெஸ்ட் பேஜும் அழகாக வந்தது. பெரிய கிளாக்கர் சம்பளச் சிலிப் அடிக்கத் தொடங்கினார். முதல் சிலிப் சரி. அடுத்தது வெறுமையாக ஓடியது. மூன்றாவதில் பெயர் முக்கால் அங்குலம் கீழே இறங்கியிருந்தது. போகப் போக ஈ.பி.எஃப் கழிவு ஒரு சிலிப்பிலும் கைக்கு வரும் தொகை அடுத்ததிலுமாக, துளைக்கோட்டில் கிழித்தால் இரண்டாகும்படி விழுந்தது.

காரணம் சின்னது. சிலிப்பின் உயரம் 5.5 அங்குலம். அந்த அளவை யாரோ எப்போதோ பழைய மெஷினின் பிரிண்ட் சர்வர் புரொப்பர்ட்டீஸில் தனி ஃபோர்மாக, அதாவது தனிப் பேப்பர் அளவாக, செய்து வைத்திருக்கிறார்கள். வின்டோஸோடு அதுவும் போய்விட்டது. புது டிரைவர் ஏ4 என்று நினைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 11.69 அங்குலம் தள்ளியது. விடியும்வரை பேப்பர் பெட்டிகளோடு மல்லுக்கட்டினேன். கிளாக்கர் ஐயா திட்டவில்லை. பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்தத் தம்பியின் விஷயம். வின்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்ட் சர்வரோடு லெப்டொப் பேசும் முறையான ஆர்.பி.சி, நேம்ட் பைப் என்ற பழைய வழியை விட்டு டி.சி.பி என்ற வழிக்கு மாறிவிட்டது. அந்த வழியில் பழைய மெஷின் பிடிகொடுக்காவிட்டால் 709 என்று முடியும் எரர் வரும். பழக்கத்தை மாற்றிக்கொண்டது லெப்டொப். அப்போ மருந்தும் அதற்குத்தான். லெப்டொப்பின் குரூப் பொலிசியில் (வின்டோஸின் செட்டிங்ஸை மாற்றும் இடம்) பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய், 'கன்ஃபிகர் ஆர்.பி.சி கனெக்ஷன் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, நேம்ட் பைப்பைத் தெரிவு செய்து, லெப்டொப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹோம் பதிப்பில் குரூப் பொலிசி கிடையாது, ரெஜிஸ்ட்ரி வழியாகத்தான் போகவேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கும் இதே கதைதான். லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் மென்பொருள் கப்ஸ். கப்ஸ் 1.3 ஓடும் பழைய சர்வரிடம் புது கிளையன்ட், அதாவது புது லெப்டொப், ஐ.பி.பி என்ற பிரிண்ட் மொழியின் 2.0 பதிப்பில் பேசினால் அதற்குப் புரியாது. கிளையன்டின் கன்ஃபிக் ஃபைலில் சர்வர் பெயருக்குப் பின்னால் வெர்ஷன் 1.1 என்று சேர்த்துவிட்டால் போதும். சர்வரைத் தொடவே வேண்டாம்.

மாற்றியே ஆகவேண்டுமென்றால், ஃபோர்ம், போர்ட், பகிர்வுப் பெயர் மூன்றையும் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் முடிந்த பிறகு கை வையுங்கள்.

டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவது

வின்டோஸ் 11 முழுக்க 64 பிட். 32 பிட் சர்வரிடம் அதற்கேற்ற டிரைவர் பெரும்பாலும் இருக்காது; எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் அதே பதில்தான். லெப்டொப்பில் ஒரு லோக்கல் போர்ட் உண்டாக்கி, அதற்குச் சர்வர் பெயரையும் பகிர்வுப் பெயரையும் கொடுத்து, டிரைவரை லெப்டொப்பிலேயே போடுங்கள்.

அப்டேட்டை அழிப்பது

அப்டேட்டால்தான் பிரிண்டர் நின்றது என்று அதை அழிக்க வேண்டாம். அடுத்த மாத அப்டேட்டோடு அதுவே திரும்பி வரும்.

எல்லா மெஷினிலும் எஸ்.எம்.பி 1ஐத் திறப்பது

எஸ்.எம்.பி 1 என்பது மெஷின்கள் ஃபைலையும் பிரிண்டரையும் பகிரும் பழைய முறை. 2017இல் வன்னாகிரை என்ற நாசகார புரோகிராம் நுழைந்த கதவு அது. எக்ஸ்பிக்காக அதைத் திறந்தே ஆகவேண்டும் என்றால், அந்த டொட் மேட்ரிக்ஸை யூ.எஸ்.பி கேபிளில் நேராக லெப்டொப்பில் செருகிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் இல்லாத பகிர்வு

வின்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில் ஓடாது. சர்வரில் ஒரு யூசர் கணக்குத் திறந்து பாஸ்வேர்ட் வையுங்கள். அதை எழுதி மொனிட்டரில் ஒட்டாதீர்கள்.