சைக்கிள் சீற்றைச் சரியாக வைப்பது

ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் ரோட்டில் பத்துக் கட்டை ஓடிப் பாருங்கள். சீற் பிழையென்றால் முழங்கால்தான் முதலில் சொல்லும். நான் வைப்பது இப்படி: வேலிக் கதியாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி இருங்கள். பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கினால் சீற்றை உயர்த்துங்கள். இடுப்பு ஒருபக்கம் சரிந்தால் இறக்குங்கள்.

அப்பாவின் பழைய சைக்கிளில் இருப்பது தோல் சீற். குதிரைச் சேணத்தின் வழிவந்தது அது. பர்மிங்ஹாமில் 1866இல் குதிரைகளுக்கான தோல் சாமான் செய்யத் தொடங்கிய புரூக்ஸ், 1882இல் சைக்கிளின் தோல் சீற்றுக்குக் காப்புரிமை எடுத்தார். மாரியில் நனைந்தால் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். நிழலில் ஆறுதலாக உலரட்டும். அப்புறம் தொய்வு தெரிந்தால், சீற்றின் முன்பக்க மூக்கின் கீழுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.