கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று, அப்புறம் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?

பள்ளியின் கடைசி ஆண்டு முழுக்க வீட்டில் ஒரே கேள்விதான் ஓடும்: எங்கே இடம் கிடைக்கும்? கிடைத்தவுடன் பிள்ளை, பெற்றோர், பள்ளி எல்லோரும் அப்பாடா என்று சாய்ந்துவிடுகிறோம். அந்த அப்பாடாதான் முதல் தவறு. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2019-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். விவரம் கிடைத்த நாடுகளில், இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களில் உரிய காலத்துக்குள் முடித்தவர்கள் சராசரியாக 40 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். இன்னும் 3 ஆண்டு கூட்டிக் கொடுத்துப் பார்த்தாலும் மூன்றில் இரண்டு பேர்தான் தேறுகிறார்கள். இத்தனைக்கும் பள்ளிப் படிப்பைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் இவர்கள், எல்லோரும் படிப்பு ஏறாததால் போய்விட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உள்ளே நுழைவதற்கு வருடக்கணக்கில் தயார் செய்கிறோம், நுழைந்த பிறகு அங்கே தாக்குப்பிடிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சேர்க்கை உறுதியானதற்கும் முதல் வகுப்புக்கும் நடுவே வரும் வாரங்களை வெறும் விடுமுறை என்று நினைப்பது அடுத்த தவறு. கட்டணம் கட்டக் கடைசி நாள் அந்த இடைவெளியில்தான் வருகிறது, விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது, ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்று மின்னஞ்சல் வருகிறது, அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பள்ளியோடு தொடர்பு முடிந்துவிட்டது, கல்லூரியில் இன்னும் யாரையும் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது? அமெரிக்காவில் இதற்கு ‘சம்மர் மெல்ட்’ என்று, அதாவது கோடையில் உருகிப்போவது என்று பெயரே வைத்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகிறேன் என்று உறுதியாகச் சொன்னவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்த ஆண்டு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிப்பதில்லை என்று அங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-ல் ஒரு காரியம் செய்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் குறுஞ்செய்தியில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை வைத்தது, அதற்கே இந்த உருகல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ‘இந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும்’ மாதிரி, மனிதர்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது, அவ்வளவுதான். வீட்டிலேயே இதைச் செய்யலாம். கெடு தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். எல்லாவற்றையும் அப்பாவே ஓடியாடி முடித்துவிட்டால் முதல் செமஸ்டரிலும் அப்பாதான் ஓட வேண்டியிருக்கும்.

சரி, படிக்கிற விதத்துக்கு வருவோம். பள்ளியில் இன்று எந்தப் பாடம், நாளை என்ன தேர்வு, எதை எத்தனை முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். கல்லூரியிலோ முதல் வாரம் பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பல வாரம் கழித்துத் தேர்வு என்பார்கள், நடுவில் யாரும் துரத்தமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசி மூன்று நாளில் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறவர்கள்தான் அதிகம். திரும்பப் படிக்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும், தெரிந்துவிட்டது என்று மனம் ஏமாந்துபோகும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைப் பல முறை படித்தது, இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதும், ஒரே நாளில் முட்டாமல் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் நிற்கும், மஞ்சள் பேனாவால் கோடு போடுவது பெரும்பாலும் கைக்கு வேலை. இதைப் பள்ளியிலேயே பழக்க ஒரு வழி உண்டு: கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு பாடத்தை மட்டும் முழுக்க மாணவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள், அட்டவணை போடுவது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வது எல்லாம் அவர் பாடு. சறுக்கினால் சறுக்கட்டும், அங்கே சறுக்கினால் தூக்கிவிட ஆள் இருக்கிறது.

தனியாக உட்கார்ந்து படிப்பதுதான் நல்ல மாணவருக்கு அடையாளம் என்ற எண்ணம் இதையெல்லாம் விடப் பெரிய சேதம் செய்கிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். முதலாண்டு கால்குலஸ் கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் ஏன் நன்றாகச் செய்கிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வமில்லை, அடித்தளம் சரியில்லை, குடும்ப வருமானம் என்று வழக்கமான பதில்களே வந்தன. அவர் அந்த மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள், ஆசிரியர்கள் சொன்ன மணிக்கணக்கை அப்படியே கடைப்பிடித்து உழைத்தார்கள், ஆனால் தனியாக. எங்கே தவறு செய்கிறோம் என்பது தேர்வுத்தாள் கைக்கு வரும்வரை அவர்களுக்குத் தெரியாது. சீன வம்சாவளி மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், யாருக்குமே வராத கணக்கென்றால் அது தன் மூளைக் குறை அல்ல, கணக்குதான் கடினம் என்று அங்கேயே தெரிந்துகொண்டார்கள். ட்ரைஸ்மன் தொடங்கிய பயிற்சிக் கூட்டங்களில் எளிதாக்கிய பாடம் கொடுக்கவில்லை, கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார். மதிப்பெண் ஏறியது. இந்தக் கதையை நான் சொல்லாத முதலாண்டு மாணவர் கிடையாது, கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டு மறுபடி தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறவர்களும் உண்டு.

அப்புறம் முதல் அரியர். ஒரு தாளில் தோற்றால் உலகம் முடிவதில்லை, அதை மறைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆசிரியர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒரு வகுப்புக்குப் போவதில்லை, அதனால் அடுத்த பாடம் புரிவதில்லை, அதனால் இன்னும் வெட்கம், வீட்டில் எல்லாம் நன்றாகப் போகிறது என்ற பொய், ஆண்டு முடிவதற்குள் மூன்று நான்கு தாள்கள். ‘நான் இந்த இடத்துக்கு உரிய ஆள் இல்லை’ என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு சின்னத் தோல்வியும் அதற்குச் சாட்சி சொல்லும். வால்டன், கோஹன் என்ற ஆய்வாளர்கள், முதல் ஆண்டில் இப்படித் தோன்றுவது எல்லோருக்கும் சகஜம், போகப்போகச் சரியாகிவிடும் என்று மூத்த மாணவர்களின் அனுபவம் வழியாகப் புரியவைத்தாலே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்கிறது என்று 2011-ல் காட்டினார்கள். பிறகு 22 கல்லூரிகளில் 26,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் சிறியதாக, அதுவும் கல்லூரி உண்மையிலேயே இப்படிப்பட்ட மாணவர்களைத் தன்னவர்களாக ஏற்றுக்கொண்ட இடங்களில்தான். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தட்டிக்கொடுத்துப் பேசலாம், ஆனால் பேச்சோடு நிறுத்தினால் போதாது.

பணம் விஷயத்தில் நடக்கும் தவறு, கட்டணத்தை மட்டும் கணக்குப் போடுவது. சாப்பாடு, பயணம், புத்தகம், திடீரென்று பழுதாகும் லேப்டாப் எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கும். ஜார்ஜியா ஸ்டேட்டில் ஒவ்வொரு செமஸ்டரும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாக்கித் தொகை கட்டாததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள், பலருக்கும் பாக்கி சில நூறு டாலர்தான். 2011 முதல் முடிக்கும் தறுவாயில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை தந்து அந்தச் சின்னத் தொகையைப் பல்கலைக்கழகமே அடைக்கத் தொடங்கியது, அவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிவிட்டார்கள். படிப்பை விரைவாக முடிக்க உதவுவதற்காக நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ஏஎஸ்ஏபி திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் கட்டணக் குறையை அடைத்து, பேருந்து அட்டை, புத்தகம் எல்லாம் கொடுத்து, ஆலோசகரை அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமும் ஆக்கியது. கல்லூரிப் பாடத்துக்கே இன்னும் தயாராகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், 3 ஆண்டில் இதில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் முடித்தார்கள், இல்லாதவர்களில் 22. மாணவருக்கு உறுதி போதவில்லை என்று அறிவுரை சொல்லும் கல்லூரிகள் இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி வைக்கலாம். உங்களால் செய்ய முடிந்தது, சேரும் முன்பே அவசர உதவித்தொகை உண்டா, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து வைப்பது. கெடு முடிந்த பிறகு விசாரித்தால் அனுதாபம்தான் கிடைக்கும்.

பாடப்பிரிவைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை இறக்கிப் படித்துப் பாருங்கள், கசப்போ இனிப்போ அங்கேதான் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் பேசுவதில்லை. உடல்நிலை, குடும்பம், வேலை என்று நிறுத்தியே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரத்தான் செய்யும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடாதீர்கள். அப்படிப் போனால் பல இடங்களில் வராத தேர்வெல்லாம் தோல்வியாகப் பதிவாகும், கட்டணப் பாக்கி நிற்கும், பாக்கியை அடைக்கும்வரை மதிப்பெண் பட்டியலையும் தரமாட்டார்கள். போகும் முன் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முறையான இடைவிடுப்பு எடுக்க முடியுமா, இதுவரை தேறிய தாள்கள் எத்தனை ஆண்டு செல்லும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தேறியவரைக்கும் மதிப்பெண் பட்டியலையும் கையோடு எடுத்துவிடுங்கள்.