பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தாரா? தடம் பிடிக்கும் வழி

மலேசியா, சிங்கப்பூர், தமிழகம் எனச் சிதறிக் கிடக்கும் பல குடும்பங்களில் "பாட்டி நேதாஜி படையில இருந்தாங்க" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சியிருக்கிறது. ஜான்சி ராணிப் படை என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கான பிரிவு; அதில் இருந்தவர்கள்தான் 'ராணிகள்'. அந்த ஒரு வரியோடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால் பலன் இருக்காது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு வந்த ஆண்களுக்குப் பழைய படைப்பிரிவும் எண்ணும் உண்டு. தோட்டத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் நேரே சேர்ந்த பெண்களுக்கு அப்படி முன்பதிவு எதுவும் கிடையாது. ஆகவே முதலில் காலத்தையும் இடத்தையும் பிடிக்க வேண்டும். பெயர் பிறகு.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. அவருடைய ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் அறிவிப்பு அக்டோபர் 21. மறுநாள், அக்டோபர் 22, வாட்டர்லூ தெருவில் பெண்களின் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை கேப்டன் லட்சுமி. 1944இல் ராணிகள் பர்மாவுக்குப் போனார்கள். ரங்கூனிலும் மேமியோவிலும் முகாம். 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனை விட்டுக் கிளம்பி, சித்தாங் ஆற்றைக் கடந்து, மோல்மேன் வழியாக பாங்காக். வீட்டில் சொல்லும் கதை இந்தக் கோட்டில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். "இம்பால் போர்முனையில் சுட்டாங்க" என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்தி விசாரியுங்கள். ராணிப் படை போர்முனைத் தாக்குதலில் இறக்கப்படவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த உண்மையே பெருமைக்குப் போதும், மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

பெரும்பாலானோர் சறுக்குவது சயாம் மரண ரயில் விஷயத்தில். சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் கட்டாய உழைப்பில் போட்ட பாதை அது. "ஜப்பான்காரன் காலத்துல சயாம், பர்மா போயிட்டு வந்தாங்க" என்ற பேச்சு இரண்டு கதைகளுக்கும் பொருந்தும். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பாதை இணைந்தது 1943 அக்டோபர் 17; ராணி முகாம் திறந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. அந்த முகாம் திறப்பதற்கு முன்பே மலாயாவை விட்டுப் போயிருந்தால் அநேகமாக ரயில் வேலைதான். பின்னால் போயிருந்தால் தேதி மட்டும் போதாது. ராணிகளும் அதே பாதையில்தான் பர்மா போனார்கள், ரயில் பாதையின் பராமரிப்புக்கு ஆள் அனுப்புவதும் நிற்கவில்லை. அப்போது கேட்க வேண்டியது: கூட்டிப்போனது யார், கங்காணியா, படைக்கு ஆள் சேர்த்த இந்திய சுதந்திரச் சங்கத்துக் கிளையா? காலையில் என்ன வேலை? அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, இந்துஸ்தானிப் பாடம் என்று பதில் வந்தால் படை. மண் வெட்டியது, கட்டை சுமந்தது, காலரா என்று வந்தால் ரயில். இரண்டாவது பதில் வந்தாலும் பதிவு செய்துகொள்ளுங்கள்; அந்தத் துயரத்தைத் தேடுவோர் இன்னும் குறைவு.

அடுத்து டிரங்குப் பெட்டி. படம் கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் மங்கிய பென்சில் எழுத்து இருந்தால் அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்தின் ஓரத்தில் ஏறக்குறையப் படுக்கவைத்து அடியுங்கள். எழுதியபோது பதிந்த பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பும். தாளில் 2603 என்று இருந்தால் அது ஜப்பானிய ஆண்டு: 660ஐக் கழித்தால் 1943. வெறும் 18, 19 என்றிருந்தால் ஷோவா ஆண்டாக (ஜப்பான் பேரரசரின் ஆட்சி ஆண்டு) இருக்கலாம், 1925ஐக் கூட்டுங்கள். 'சியோனான்' என்றால் சிங்கப்பூர். ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு எதையும் நிரூபிக்காது, எல்லார் வீட்டிலும் இருந்தது. பாயும் புலிச் சின்னத்தோடு 'பிரைஸ் இந்தியன்' (Freies Indien, ஜெர்மன் மொழியில் 'சுதந்திர இந்தியா') என்று இருந்தால் அது ஜெர்மனியில் இருந்த இந்தியப் படையணியுடையது. ஆசாத் ஹிந்த் தபால்தலைகளும் ஜெர்மனியில் அச்சானவை, தபாலில் புழங்கவே இல்லை. இவற்றை 'பாட்டி காலத்துப் பொருள்' என்று விற்பவர்களிடம் காசைத் தொலைக்காதீர்கள். விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு இந்திய அரசு தந்த தாமிரப் பத்திரமோ தியாகிகள் ஓய்வூதிய ஆணையோ இருந்தால் பாதி வேலை முடிந்தது: அதிலுள்ள எண்ணைக் குறிப்பிட்டு, ஆணை வழங்கிய அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பின் நகல் கேளுங்கள். சேவைக்கு அன்று காட்டிய சான்றுகள் அந்தக் கோப்பில்தான் இருக்கும்.

இனிமேல்தான் காப்பகம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ஜப்பான் காலத்து 'சியோனான்' நாளிதழ் இருக்கிறது. 1943 அக்டோபரிலிருந்து நாள் நாளாகப் புரட்டுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் பாட்டியின் பெயரை மட்டும் தேடாமல் முகாமின் பெயரையும் தேடுங்கள். உடன் இருந்தவர் வாயில் அவர் பெயர் வரலாம். புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளின் பட்டியல் உண்டு.

தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் ஆளைக் கவிழ்க்கும். லட்சுமி மலாயாவில் 'லெட்சுமி' ஆவார், சின்னம்மா ஆங்கிலத்தில் 'எஸ்'ஸில் தொடங்குவார், தேவர் 'டி'யிலும் வருவார் 'டிஎச்'சிலும் வருவார். ஒரு பெயருக்குக் குறைந்தது ஐந்தாறு வடிவம் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திருமணத்துக்குப் பிந்திய பெயர் வேண்டாம். அப்பா பெயர், ஊர் அல்லது தோட்டத்தின் பெயர் இவற்றோடு சேர்த்துத் தேடுங்கள். தோட்டத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஒன்று, பதிவேட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயர் வேறு. அதைத் தெரிந்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால், காப்பகத்துக்கு எழுதும் முன் அவரைப் போய்ப் பாருங்கள்.