நிறமிகளும் நினைவாற்றலும்: மறதி தொடங்கியவர் உள்ள வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவல் பழத்துக்கு ஊதா நிறத்தையும் மஞ்சளுக்குப் பொன்னிறத்தையும் தரும் நிறமிகள் மறதி நோயைத் தடுக்கும் என்ற செய்தி மதுரையின் வாட்ஸ்அப் குழுக்களிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் பரவலாகப் பேசப்படுகிறது. செய்தி முழுப் பொய்யன்று. நாவல் பழத்தின் ஊதா நிறமியான ஆந்தோசயனின், கேரட், கீரை முதலியவற்றிலுள்ள கரோட்டினாய்டு, மஞ்சளின் நிறமியான குர்குமின் முதலியவை அழற்சியைத் தணிக்கும் இயல்புடையவை என்பதை ஆய்வகங்கள் பலமுறை கண்டுள்ளன. இத்தகைய நிறமிகள் மிகுந்த காய்கனிகளை உண்டுவருவோரிடம் நினைவாற்றல் சற்று மெதுவாகவே குறைகிறது என்று சில நீண்டகால ஆய்வுகளும் காட்டியுள்ளன. நலமாக இருப்பவரின் உணவைப் பற்றிய இந்தக் கண்டறிதலை, ஏற்கெனவே மறதி தொடங்கிவிட்டவருக்கான மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அவற்றுள் மிகக் கேடானது, மறதிக்கான காரணம் என்னவென்று அறியாமலேயே பொடியையும் கஷாயத்தையும் தொடங்கிவிடுவது. மாசி வீதிகளிலேயே வாழ்ந்து முதிர்ந்த ஒருவர், ஒருநாள் கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழி தெரியாமல் நின்றார் என்றால், அதற்கு அல்சைமர் நோய் ஒன்றுதான் காரணம் என்று கொள்ளலாகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கீழே விழுந்தபின் மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் என்று சிகிச்சைக்கு உட்படக்கூடிய காரணங்கள் பல உண்டு. சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்குப் பி12 குறைய வாய்ப்பிருப்பதால், சர்க்கரை நோயாளிகள் மிகுந்த நம் பகுதியில் அந்த ஒரு பரிசோதனையைத் தவிர்ப்பது பெரும் இழப்பாக முடியலாம். அரசு இராசாசி மருத்துவமனையிலோ வேறெங்கோ முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதன்பின் உணவைப் பற்றி யோசிப்பதே முறை. பி12 குறைவினால் வந்த மறதிக்கு மஞ்சள் பால் கொடுத்துக் காத்திருக்கும் ஆறு மாதத்தில், நரம்புக்கு ஏற்படும் சேதம் மீள முடியாத நிலையை எட்டிவிடக்கூடும்.

இரண்டாவது தவறு அளவைப் பற்றியது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கே இருக்கிறது. குழம்பில் இடும் ஒரு கிராம் தூளில் 30 மில்லிகிராம் தேறினால் அதிகம். அதுவும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அல்சைமர் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2 கிராம், 4 கிராம் என்று குர்குமினையே கொடுத்து 24 வாரம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது; அதில் நினைவாற்றல் மேம்படவில்லை. நான்கு கிராம் குர்குமின் வேண்டுமென்றால் நாள்தோறும் நூறு கிராமுக்கும் மேலான மஞ்சள் தூளை உண்ண வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் சமையல் மஞ்சளின் மீது ஏற்றப்படும் சுமை விளங்கும். 2018இல் வெளியான மற்றொரு கலிஃபோர்னிய ஆய்வில் நினைவாற்றல் ஓரளவு கூடியது உண்மையே. எனினும் அதில் பங்கேற்றவர்கள் 40 பேர் மட்டுமே. அவர்களில் எவருக்கும் டிமென்ஷியா என்னும் மறதி நோய் இல்லை. கொடுக்கப்பட்டதும் எளிதில் உறிஞ்சப்படும்படி தனியாகத் தயாரித்த குர்குமின். இந்த மூன்று விவரங்களையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் பகிர்வதையே விளம்பரங்கள் தொழிலாகக் கொண்டுள்ளன.

மிளகு சேர்த்தால் குர்குமின் பல மடங்கு உறிஞ்சப்படும் என்பதும் மெய்யே. பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் அதைக் காட்டினார்கள். ஆனால் மிளகிலுள்ள பைப்பரின் வேறு சில மருந்துகளையும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கச் செய்யும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அவற்றுள் ஒன்று. ரசத்திலுள்ள மிளகின் அளவு குறைவு என்பதால் இந்தக் கவலையும் குறைவு. செறிவூட்டிய மாத்திரையால் அது மிகுதி.

லூட்டின் என்னும் மஞ்சள் கரோட்டினாய்டு மாத்திரைகளின் கதையும் இதுவே. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் குவியும் செண்டுமல்லிதான் உலகளவில் லூட்டின் பிரித்தெடுக்கப் பயன்படும் முதன்மை மூலப்பொருள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கண் நோயுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான பெரிய ஆய்வில், லூட்டின் மாத்திரை நினைவாற்றல் குறையும் வேகத்தை மாற்றவில்லை. வல்லாரையை இந்த நிறமிப் பட்டியலில் சேர்ப்பதும் பிழையே: அதன் பெயர்பெற்ற வேதிப்பொருள்கள் நிறமிகள் அல்ல, பச்சையாக இருப்பதற்கும் அந்தக் குணத்துக்கும் தொடர்பில்லை.

சமையலறையில் நிகழும் பிழைகள் எளிதில் திருத்தக்கூடியவை. கருப்புக் கவுனியின் ஆந்தோசயனின் அதன் தவிட்டில் இருப்பதாலும் நீரில் கரைவதாலும், தீட்டிய அரிசியை வாங்குவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் வீண். சோடா உப்பு ஆந்தோசயனினைச் சிதைக்கும். முருங்கைக்கீரையின் லூட்டினுக்குச் சிறிது எண்ணெயோ தேங்காயோ துணை தேவை.

நாவல் பழத்திலிருந்து நாவல் கொட்டைக்குத் தாவுவதுதான் என் பார்வையில் நம் ஊருக்கே உரிய ஆபத்து. ஔவைக்கு முருகன் சுட்ட பழம் கொடுத்ததாகச் சொல்லப்படும் பழமுதிர்சோலைப் பக்கத்தில் பருவத்தில் கூறு கட்டி விற்கும் பழத்தை அளவாக உண்பதில் தவறில்லை. கொட்டைப் பொடியோ இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையுடன் அதையும் சேர்த்து உட்கொள்ளும் முதியவருக்குச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்தால் குழப்பமும் மயக்கமும் வரும். அடிக்கடி அப்படித் தாழ்வது மூளைக்கே கெடுதல். நினைவுக்கென்று கொடுத்தது நினைவைக் கெடுக்கும் வழி இது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் குர்குமின் மாத்திரையைத் தாமாகத் தொடங்கவும் கூடாது. கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவும் கூடாது. பீடியோ சிகரெட்டோ பிடிப்பவருக்கு, கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினின் மாத்திரை வேண்டவே வேண்டாம்: 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அதை உட்கொண்ட புகைப்பிடிப்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாகக் கூடியது. கேரட்டுக்கு இந்தத் தடை இல்லை.

கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வதும் தவறு. மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கப்பட்ட நிகழ்வுகள் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கண்டறியப்பட்டுள்ளன; ஈயமோ மூளைக்கு நேர்ப்பகை. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டாலும் அந்த ஐயம் முழுதும் நீங்காது; விரலி மஞ்சளை மெருகூட்டும்போதே அது பூசப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. மருத்துவரிடம் செல்லும் நாளில் மாத்திரைச் சீட்டுடன், வீட்டில் கொடுத்துவரும் பொடி டப்பாக்களையும் பையில் எடுத்துச் சென்று மேசைமேல் வைத்துவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.