வீட்டில் ஒரு பார்: புட்டிக்கு முன்னால் ஐஸ்

வீட்டில் பார் அமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் புட்டிகளை வாங்கிவிட்டு, அவற்றைக் காட்சிக்கு வைக்கத் தச்சரிடம் ஒரு கண்ணாடி அலமாரிக்குச் சொல்லிவிட்டு, விருந்து நாளன்று மாலைதான் ஐஸைப் பற்றி நினைக்கிறார்கள். கத்திரி வெயில் நாட்களில் இரவு ஒன்பது மணிக்கும் கூடத்தில் 30 டிகிரிக்குக் குறையாத சென்னையில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு விருந்தினருக்கு அரை கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. நம் ஊருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேருக்கு ஏழரைக் கிலோ வேண்டும். குளிர்பதனப் பெட்டியோடு வரும் இரண்டு சிறிய தட்டுகளால் இதை ஒரே நாளில் எட்ட முடியாது என்பதால், மூன்று நாட்களுக்கு முன்பே உறைய வைத்து, மூடியுள்ள டப்பாவில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மூடி ஏன் என்றால், ஃப்ரீசரில் இருக்கும் மீனின் வாசத்தை ஐஸ் அப்படியே வாங்கிக்கொள்ளும். வஞ்சிரம் மணக்கும் விஸ்கியை எந்த விருந்தினரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார். கட்டி பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும், பானமும் நீர்த்துப்போகாது. கண்ணாடிபோல் தெளிந்த கட்டி வேண்டுமென்றால், சிறிய தெர்மோகோல் பெட்டியில் நீர் ஊற்றி மூடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். மேலிருந்து கீழாக மட்டுமே உறைவதால் காற்றுக் குமிழ்கள் அடியில் ஒதுங்கிவிடும், அந்த அடிப்பகுதி உறையும் முன் எடுத்துவிட்டால் மீதி முழுவதும் தெளிவாக இருக்கும். நேரம் இல்லாதவர்கள் உணவுக்கென்று விற்கப்படும் ஐஸ் பாக்கெட்டுகளை வாங்கலாம். மீன் சந்தைப் பாளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கிளாசுக்குள் போகக் கூடாது.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது. மரத்தூள் பொதிந்து பாஸ்டனிலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த ஐஸுக்கு இந்த ஊரில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதையும், அந்தப் பகுதி இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கப்படுவதையும் நினைத்தால், மூன்று நாள் முன்னேற்பாடு ஒன்றும் பெரிய சிரமமில்லை.

அடுத்தது தண்ணீர். ஐஸுக்கு ஆர்.ஓ. நீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துவதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஆனால் கிளாஸ்களை போர் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைப்பதால்தான் அவற்றில் வெள்ளைப் படலம் படிகிறது. வினிகர் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் அந்த உப்புக்கறை போய்விடும். கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்து, துணியால் துடைத்து வைத்தால் திரும்ப வராது. கிளாஸ் வகைகளில் பணத்தை இறைக்க வேண்டாம். அடி கனத்த குட்டை டம்ளர் பன்னிரண்டும், உயர டம்ளர் பன்னிரண்டும், ஒயின் குடிப்பவர்கள் வருவார்கள் என்றால் தண்டு வைத்த கோப்பை ஆறும் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை, வெயில் விழாத சுவரும், பக்கத்தில் தண்ணீர்க் குழாயும், பூஜை அறைக்கு நேரெதிர் இல்லாத மூலையும் அமைந்தால் வீட்டில் பெரியவர்களின் முகச்சுளிப்பும் பாதியாகக் குறையும். மேல்பலகைக்குக் கருப்பு கிரானைட் போடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் பளிங்கு அரிக்கப்பட்டு மங்கிவிடும், கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. அலமாரிக்கு 710 தர மெரைன் பிளைவுட் ஈரத்தைத் தாங்கும்.

புட்டிகளுக்கு இப்போதுதான் வருகிறோம். ஒரு விஸ்கி, ஒரு டார்க் ரம், ஒரு வோட்கா, ஒரு ஜின் ஆகிய நான்கும், குளிர்ந்த பீரும் இருந்தால் பெரும்பாலான விருந்துகளுக்குப் போதுமானது. 750 மில்லியுள்ள ஒரு ஃபுல்லில் 60 மில்லி லார்ஜ் பன்னிரண்டரை கிடைக்கும். குடிப்பவர்கள் ஆறு பேர் மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டாலும் ஒன்றரை ஃபுல்தான் செலவாகும். அதற்குமேல் வாங்கி அடுக்குவது பெருமைக்குத்தான். மேலும், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியவர் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்க உச்சவரம்பு உண்டு: இந்தியத் தயாரிப்பு மதுவகைகள் 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் இருப்பதால், காந்தி ஜயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள் போன்ற விடுமுறைகளை நாட்காட்டியில் பார்த்துவிட்டு விருந்துக்குத் தேதி குறிக்க வேண்டும்.

திறந்த விஸ்கியும் ரம்மும் கெட்டுப்போவதில்லை. நிமிர்த்தியே வைத்தால் போதும், படுக்க வைத்தால் சாராயச்சத்து தக்கையை அரிக்கும். தக்கையிட்ட ஒயின் இதற்கு நேர்மாறு. அதைப் படுக்க வைக்க வேண்டும், அதுவும் குளிர்ந்த இடத்தில். அறைச்சூட்டில் பரிமாறலாம் என்று சிவப்பு ஒயினைப் பற்றிச் சொல்லப்படும் அறை ஐரோப்பிய அறை, அண்ணா நகர் அறை அல்ல; ஆகவே பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெர்மூத் ஒயினிலிருந்து செய்யப்படுவது. திறந்ததும் அதற்கும் இடம் ஃப்ரிட்ஜ்தான். சோடாவும் டானிக் வாட்டரும் முந்தைய இரவே குளிர வேண்டும், ஏனெனில் குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும். சூடான சோடாவைத் திறந்தால் நுரைத்துவிட்டு உடனே சப்பென்று ஆகிவிடும்.

ஊற்றும்போது கண்ணளவை நம்பாமல், 30, 60 மில்லி காட்டும் அளவுக் கிண்ணம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உற்சாகம் கூடக் கூடக் கண்ணளவும் கூடும்.

குடிக்காத விருந்தினருக்கு ஒரு மூலையில் பிளாஸ்டிக் கோப்பையில் குளிர்பானம் தருவதுதான் வீட்டு பார்களில் நான் காணும் பெரிய குறை. இதற்கு எளிய வழி, எல்லாருக்கும் பொதுவான ஒரு கலவையைத் தயாரித்து, மதுவை வேண்டியவருக்கு மட்டும் சேர்ப்பது. உயர டம்ளரில் ஐஸை நிரப்பி, நன்னாரிப் பாகு 30 மில்லியும் எலுமிச்சைச் சாறு 15 மில்லியும் ஊற்றிக் கலக்கி, 150 மில்லி சோடாவை மெல்லச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். வேண்டியவருக்கு சோடாவுக்கு முன் 45 மில்லி ஜின் போகும், வேண்டாதவருக்குப் போகாது; இரண்டு கிளாஸ்களும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், யாரும் யாரிடமும் காரணம் கேட்க நேராது. ரம்முக்கு பொவொண்டோ குளிர்பானத்தைத் துணையாக வைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு வெறும் பொவொண்டோவே ஆகும்.

சைட் டிஷ் விஷயத்தில் எண்ணெயில் பொரித்தவையாக மட்டும் அடுக்காமல், தேங்காயும் மாங்காயும் போட்ட பட்டாணிச் சுண்டலை முதலில் வையுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது மது விரைவாக ரத்தத்தில் ஏறும். ஆகவே உணவு பானத்துக்கு முன்பே மேசைக்கு வர வேண்டும். நெத்திலி வறுவல் சூடாக வேண்டுமென்பதால் அதை மட்டும் நடுவில் கொண்டுவரலாம். கிளாஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று சொம்பையும் பக்கத்திலேயே வையுங்கள்.

வண்டி ஓட்டி வந்தவர்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆகவே அழைக்கும்போதே ‘வாடகைக் காரில் வாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அதையும் மீறி வண்டியில் வந்தவரின் சாவியை, வாசலிலேயே வாங்கி ஐஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் கிளாஸை நீட்டுங்கள்.